பெரிய கொம்பனியில் வேலை: நன்மை என்ன, தீமை என்ன?



"அண்ணை, பெரிய கொம்பனி ஒண்டில வேலை இருக்காம். எங்கட ஆக்களின்ர கடையிலயும் வரச் சொல்லிக் கேட்டிருக்கினம். எதுக்குப் போறது நல்லது?"

இந்த நாட்டில், அதாவது ஐக்கிய இராச்சியத்தில், வேலை செய்யும் அனுமதி கிடைத்தவுடன் எங்கள் மக்கள் கேட்கும் முதற் கேள்விகளில் இதுவும் ஒன்று. சிலர் "பெரிய கொம்பனி எண்டால் கவர்ன்மென்ற் வேலை மாதிரி, பயமில்லை" என்று நினைக்கிறார்கள். வேறு சிலர் "அங்க எங்களை ஆர் மதிக்கப்போகினம், எங்கட ஆக்களிட்ட நிண்டால் பாஷைப் பிரச்சினையாவது இல்லை" என்று ஒதுங்குகிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது, கொஞ்சம் பிழையும் இருக்கிறது.

ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளுங்கள். சின்னக் கடையில் வேலை முகத்தைப் பார்த்து நடக்கும். பெரிய கொம்பனியில் வேலை கடதாசியைப் பார்த்து நடக்கும். பெரிய கொம்பனியின் நன்மைகளும் தீமைகளும் பெரும்பாலும் இதிலிருந்துதான் வருகின்றன. கடதாசியை வாசிக்கத் தெரிந்தவருக்கு அது பாதுகாப்பு. வாசிக்காமல் கையெழுத்து வைப்பவருக்கு அதுவே பொறி.

1. முதலில் உங்கள் அனுமதியைப் பாருங்கள்

அகதி அந்தஸ்துக் கிடைத்தவர்கள் எந்த வேலையும் செய்யலாம். தஞ்சம் கோரி முடிவுக்காகக் காத்திருப்பவர்கள் சாதாரணமாக வேலை செய்ய முடியாது. விண்ணப்பித்து 12 மாதங்களுக்கு மேலாகியும் முடிவு வராமல், அந்தத் தாமதம் உங்களால் ஏற்படாததாகவும் இருந்தால், ஹோம் ஒபிஸிடம் வேலை அனுமதி கேட்கலாம். கிடைத்தாலும், அவர்கள் குறிப்பிடும் சில தொழில்களை மட்டுமே செய்யலாம். சொந்தத் தொழில் செய்ய முடியாது. உங்கள் எ.ஆர்.சி. அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து, சந்தேகம் இருந்தால் சொலிசிற்றரிடம் கேளுங்கள்.

அனுமதியில்லாமல் வேலை செய்வது 2016ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தின்படி குற்றம். உழைத்த பணத்தையும் பறிமுதல் செய்யலாம். வேலை கொடுத்தவருக்கு 2024 பெப்ரவரி 13 முதல், முதற் தடவை பிடிபட்டால் ஓர் ஆளுக்கு 45,000 பவுண் வரையும், மீண்டும் பிடிபட்டால் 60,000 பவுண் வரையும் தண்டம் விதிக்கலாம்.

சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்கு வேறொருவரின் கணக்கை வாடகைக்கு எடுத்து ஓடுவதும் இதற்குள்தான் அடங்கும். "என்ர பேரில இல்லைத்தானே" என்று நினைக்க வேண்டாம். ஊபர் ஈட்ஸ், டெலிவரூ, ஜஸ்ட் ஈட் ஆகிய மூன்று கொம்பனிகளும், தஞ்சம் கோருவோர் தங்கும் விடுதிகள் எங்கே இருக்கின்றன என்ற விபரத்தைப் பெற்று, அங்கிருந்து ஓடும் கணக்குகளைக் கண்டுபிடிக்க 2025 யூலையில் ஹோம் ஒபிஸுடன் உடன்பட்டன. பிடிபட்டால் கணக்குச் சொந்தக்காரர் உங்களுக்காக வந்து நிற்கமாட்டார். உங்கள் தஞ்ச வழக்குக்கும் அது கூடாது.

காத்திருக்கும் காலத்தில் ஒரு தொண்டு நிறுவனத்தில் சம்பளமில்லாமல் தொண்டராக உதவி செய்யலாம். போக்குவரத்துச் செலவும் சாப்பாட்டுச் செலவும் வாங்கலாம். அதன் பயன் என்ன என்பதைப் பின்னால் சொல்கிறோம்.

2. போர்டில் உள்ள பெயர் வேறு, முதலாளி வேறு

"நான் ஷெல்லில வேலை செய்யிறன்" என்பார் ஒருவர். ஆனால் பெற்றோல் ஸ்டேசனின் மேலே இருக்கும் பெயர் பெற்றோலின் பெயர் மட்டும்தான். பல ஸ்டேசன்களை நடத்துபவர் ஒரு தனி டீலர். சம்பளம் கொடுப்பவரும் அவரே. மக்டொனால்ட்ஸும் அப்படித்தான். இந்த நாட்டில் அதன் கடைகளில் பெரும்பாலானவற்றைப் பெயரை உரிமம் எடுத்த தனி முதலாளிகள் நடத்துகிறார்கள்.

இதற்கு எதிர்மாறாகவும் நடக்கும். அரசாங்க ஆஸ்பத்திரியில் கிளீனிங் செய்பவர் "நான் ஆஸ்பத்திரி வேலையாள்" என்று நினைத்திருப்பார். ஆனால் அவருடைய முதலாளி, கிளீனிங்கையும் சமையலையும் ஒப்பந்தத்துக்கு எடுத்த ஒரு பன்னாட்டுக் கொம்பனியாக இருக்கலாம். பிரான்சைச் சேர்ந்த சொடெக்சோ, டென்மார்க்கைச் சேர்ந்த ஐ.எஸ்.எஸ்., இங்கிலாந்தைச் சேர்ந்த கொம்பாஸ் ஆகியவை இப்படிப் பல நாடுகளில் ஆட்களை வைத்து வேலை செய்விக்கும் கொம்பனிகள். மூன்றாவது வகை ஏஜென்சி. நீங்கள் நிற்கும் வெயர்ஹவுஸ் ஒருவருடையது, சம்பளம் போடுவது இன்னொருவர்.

ஆகவே நன்மை தீமை பார்ப்பதற்கு முன்னர், சம்பளச் சீட்டிலும் ஒப்பந்தத்திலும் யாருடைய பெயர் இருக்கிறது என்று பாருங்கள். உங்கள் உரிமைகளை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

3. நன்மைகள்

அ) உழைப்பு பதிவில் இருக்கும். சம்பளம் வங்கிக்கு வரும், சம்பளச் சீட்டு வரும், வரி ஆண்டு முடிந்தபின் மே 31க்குள் பி60 வரும், வேலையை விட்டால் பி45 வரும். வீடு வாடகைக்கு எடுக்க, கடன் கேட்க, நாளைக்கு ஒரு விண்ணப்பத்தில் "நான் இந்த நாட்டில் இவ்வளவு காலம் உழைத்தேன்" என்று காட்ட இவைதான் சாட்சி. காசாகக் கையில் வாங்கிய 5 வருட உழைப்புக்குச் சாட்சி இல்லை. சம்பளச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள்.

ஆ) சட்டப்படியான சம்பளம். குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் 1999 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது மணித்தியாலத்துக்கு 3.60 பவுண். 21 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2025 ஏப்ரலில் அது 12.21 பவுண் ஆனது. ஒவ்வொரு ஏப்ரலிலும் தொகை மாறும், ஆகவே வருடந்தோறும் பாருங்கள். இந்தச் சட்டம் சின்னக் கடைக்கும் பெரிய கொம்பனிக்கும் ஒன்றுதான். ஆனால் ஆயிரக்கணக்கானோருக்குக் கணினியில் சம்பளம் போடும் இடத்தில் ஒருவருக்கு மட்டும் பாதிச் சம்பளம் கொடுப்பது சுலபமில்லை.

இ) லீவும் ஓய்வூதியமும். முழுநேர வேலையாளுக்கு வருடத்தில் 5.6 வாரம், அதாவது வாரம் 5 நாள் வேலை செய்பவருக்கு 28 நாள், சம்பளத்துடன் லீவு. 22 வயதுக்கு மேல், வருடம் 10,000 பவுணுக்கு மேல் உழைப்பவரை ஓய்வூதியத் திட்டத்தில் முதலாளியே சேர்க்க வேண்டும். சம்பளத்தின் ஒரு பகுதியில் கணக்கிட்டுக் குறைந்தது 3 வீதத்தை அவர் போடுவார்.

ஈ) இடம் மாறலாம், மேலே போகலாம். கவுன்சில் உங்களை லண்டனிலிருந்து பேர்மிங்காமுக்கு அனுப்பினால், பல கிளைகள் உள்ள கொம்பனியில் இடமாற்றம் கேட்டுப் பார்க்கலாம். ரில்லில் தொடங்கியவர் படித்துப் பயின்று மனேச்சர் ஆவதற்கும் வழி இருக்கிறது. ஊரில் கணக்காளராகவோ எஞ்சினியராகவோ இருந்தவர்களுக்கு, உள்ளே போடும் வேலை விளம்பரங்கள் ஒரு கதவு.

உ) யூனியன். சில பெரிய கொம்பனிகளில் தொழிற்சங்கம் அங்கீகரிக்கப்பட்டிருக்கும். ரெஸ்கோவும் உஸ்டோ சங்கமும் 1998 முதல் ஒப்பந்தத்துடன் இயங்குகின்றன. எல்லா இடத்திலும் அப்படியில்லை. கொவென்றியில் உள்ள அமசோன் வெயர்ஹவுஸில் 2024 யூலையில் நடந்த வாக்கெடுப்பில் ஜி.எம்.பி. சங்கம் மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றது. ஆனால் அங்கீகாரம் இல்லாத இடத்திலும் நீங்கள் தனியாக ஒரு சங்கத்தில் சேரலாம். அதற்காக உங்களை வேலையிலிருந்து நிறுத்துவது சட்டவிரோதம். ஊர் நினைப்பில் "சங்கம் எண்டால் வில்லங்கம்" என்று பயப்பட வேண்டாம்.

4. தீமைகள்

அ) உள்ளே போவதற்குக் காலம் எடுக்கும். ஒன்லைன் விண்ணப்பம், சோதனை, நேர்முகம், பழைய முதலாளியின் கடிதம், இத்தனை வருட வேலை வரலாறு என்று கேட்பார்கள். சம்பளமும் மாதத்துக்கு ஒரு தடவைதான். மாத நடுவில் தொடங்கினால் முதற் சம்பளத்துக்கு 5, 6 வாரம் காத்திருக்க நேரிடலாம். தஞ்ச உதவிப்பணம் நிற்கும் நேரத்தில் இது பெரிய கஷ்டம். வேலை கிடைத்தவுடன் உங்கள் ஆலோசகரிடம் சொல்லி, இடைக்காலத்துக்கு என்ன உதவி எடுக்கலாம் என்று பாருங்கள்.

ஆ) எல்லாவற்றையும் எண்ணுவார்கள். வெயர்ஹவுஸில் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை பெட்டி என்று எண்ணுவார்கள். வராத நாட்களையும் எண்ணுவார்கள். பல கொம்பனிகள் பயன்படுத்தும் "பிராட்போர்ட்" கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். எத்தனை தடவை வராமல் விட்டீர்கள் என்பதை அதே எண்ணால் பெருக்கி, மொத்த நாட்களாலும் பெருக்குவார்கள். ஒரே தடவையாக 10 நாள் சுகமில்லை என்றால் 1 x 1 x 10 = 10 புள்ளி. 2 நாள்படி 5 தடவை என்றால் 5 x 5 x 10 = 250 புள்ளி. நாட்கள் அதே பத்துத்தான். ஆனால் இரண்டாமவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வரலாம்.

சித்திரவதைக் காயங்கள், நித்திரையின்மை, மன அழுத்தம் உள்ள எங்கள் மக்களுக்கு இது மிக முக்கியம். வருத்தம் நீண்டகாலமாக இருந்தால் டொக்டரின் கடிதத்தை முன்கூட்டியே கொடுங்கள். 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தின்படி, உடல் அல்லது மன வருத்தம் மாற்றுத்திறன் நிலையாகக் கருதப்பட்டால், கொம்பனி நியாயமான மாற்றங்கள் செய்ய வேண்டும். ஹோம் ஒபிஸில் கையெழுத்திடப் போவதற்கும் முதலே எழுதி லீவு கேளுங்கள். மனேச்சர் வாயால் "ஓக்கே" சொன்னது கணினிக்குத் தெரியாது.

இ) முடிவு எடுப்பவர் தூரத்தில் இருப்பார். பி அன்ட் ஓ கப்பல் கொம்பனியின் உரிமையாளர் துபாயின் டி.பி. வேர்ல்ட். 2022 மார்ச் 17 அன்று ஏறக்குறைய 800 கடற்தொழிலாளர்களை, முன்பே பதிவுசெய்த வீடியோச் செய்தி ஒன்றின் மூலம் பி அன்ட் ஓ ஒரே நாளில் நிறுத்தியது. சங்கங்களுடன் முதலில் பேச வேண்டிய கடமையைத் தெரிந்தே செய்யாமல் விட்டதாக அதன் தலைமை அதிகாரி பின்னர் பாராளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். பெரிய பெயர் என்பதற்காக வேலை நிரந்தரம் என்று எண்ணிவிட வேண்டாம்.

ஈ) ஒப்பந்தத்தில் உள்ள மணித்தியாலம் குறைவாக இருக்கும். வாரம் 35 மணித்தியாலம் வேலை தந்துகொண்டு, ஒப்பந்தத்தில் 12 என்று மட்டும் எழுதியிருப்பார்கள். வியாபாரம் குறைந்தால் 12க்கு இறக்கிவிடுவார்கள். முதல் நாளிலேயே உங்களுக்கு எழுத்தில் விபரம் தர வேண்டும் என்பது 2020 ஏப்ரல் முதல் சட்டம். அதில் மணித்தியாலத்தைத் தேடிப் பாருங்கள்.

உ) விசாத் திகதி. உங்கள் விசா முடியும் நாள் கொம்பனியின் கணினியில் இருக்கும். அந்த நாள் நெருங்க எச்.ஆர். பகுதியிலிருந்து கடிதம் வரும். "புது விசா காட்டு, இல்லாவிட்டால் நிறுத்துவோம்" என்பார்கள். நீங்கள் முடிவுத் திகதிக்கு முன்னரே நீடிப்புக்கு விண்ணப்பித்திருந்தால், பதில் வரும்வரை பழைய உரிமைகள் தொடரும். இது பல மனேச்சர்மாருக்குத் தெரியாது. ஹோம் ஒபிஸின் முதலாளிகளுக்கான சோதனைச் சேவையிடம் கொம்பனி கேட்டால், அவர்களே எழுத்தில் உறுதிப்படுத்துவார்கள். இதை எச்.ஆர். பகுதிக்கு மரியாதையாக எழுதி அனுப்புங்கள். விண்ணப்பித்த அத்தாட்சியையும் இணையுங்கள்.

5. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கடையில் நாளுக்கு 10 மணித்தியாலம், கையில் 60 பவுண், வாரம் 6 நாள் என்று வைப்போம். வாரத்துக்கு 60 மணித்தியாலம், 360 பவுண். மணித்தியாலத்துக்கு 6 பவுண்தான்.

கொம்பனியில் வாரம் 40 மணித்தியாலம், 2025 ஏப்ரலின் 12.21 பவுண் வீதம் 488.40 பவுண். "அங்க வரி வெட்டுவாங்கள்" என்பது பலரின் பயம். வெட்டுவார்கள்தான். 2025-26 வரி ஆண்டின் கணக்கில் வரியும் தேசியக் காப்புறுதியும் போகக் கையில் ஏறத்தாழ 419 பவுண். உங்கள் ஓய்வூதியப் பங்கும் போனால் 400 பவுணுக்குச் சற்று மேல்.

ஆக 20 மணித்தியாலம் குறைவாக வேலை செய்து, 40 பவுண் அளவில் கூட எடுக்கிறீர்கள். இந்தச் சம்பளம் லீவு வாரங்களுக்கும் வரும். 5.6 வாரத்தின் பெறுமதி 2,735 பவுண். முதலாளி ஓய்வூதியத்துக்குப் போடுவது வருடத்துக்கு ஏறத்தாழ 575 பவுண்.

எல்லாச் சின்னக் கடைகளும் இப்படியென்று சொல்லவில்லை. சட்டப்படி சம்பளமும் சீட்டும் தரும் எங்கள் கடைக்காரர் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் பிள்ளையின் பாடசாலை நேரத்துக்கு ஏற்ற வேலையும், அவசரத்துக்கு ஒரு நாள் லீவும், முதல் வாரமே சம்பளமும் கிடைக்கும். அது சிறிய விஷயமல்ல. ஆனால் "உனக்கு இடம் தந்தனான்தானே" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பவர் உதவி செய்பவரல்ல.

6. வேலை வரலாற்றில் உள்ள இடைவெளி

"கடைசி 3 வருடம் என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால் தடுமாற வேண்டாம். பொய் சொல்லவும் வேண்டாம். பின்னர் கண்டுபிடித்தால் அதற்காகவே நிறுத்தலாம். "தஞ்ச விண்ணப்பத்தின் முடிவுக்காகக் காத்திருந்தேன், அப்போது வேலை அனுமதி இருக்கவில்லை" என்று ஒரு வரியில் எழுதினால் போதும். அந்தக் காலத்தில் படித்த ஆங்கில வகுப்பையும் செய்த தொண்டு வேலையையும் கீழே போடுங்கள். தொண்டு நிறுவனத்தின் பொறுப்பாளர் தரும் கடிதம், ஊரில் எடுக்க முடியாத பழைய முதலாளியின் கடிதத்துக்குப் பதிலாக உதவும். ஏன் தஞ்சம் கோரினீர்கள் என்ற கதையை நேர்முகத்தில் சொல்ல வேண்டியதில்லை.

7. தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

ஷெயார் கோட்: உங்களுக்கு வேலை உரிமை உண்டு என்று முதலாளி ஒன்லைனில் பார்ப்பதற்கான இலக்கம். வேலைக்கானது 'டபிள்யூ' எழுத்தில் தொடங்கும். 90 நாள் செல்லும்.

ஒப்ட்-அவுட்: வாரத்தில் சராசரி 48 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யச் சம்மதம் என்ற கடதாசி. மற்றக் கடதாசிகளுடன் சேர்த்துத் தருவார்கள். கையெழுத்து வைக்கக் கட்டாயமில்லை.

ஸ்ராட்டர் செக்லிஸ்ற்: பி45 இல்லாதவர் முதல் வேலையில் நிரப்பும் படிவம். நிரப்பாவிட்டால் வரி கூடுதலாக வெட்டப்படலாம்.

டியூப்பி: ஒப்பந்தம் ஒரு கொம்பனியிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறும்போது வேலையாட்களைப் பாதுகாக்கும் 2006ஆம் ஆண்டின் விதிகள்.

8. பயிற்சி

கேள்விகளை வாசித்து, பதிலைப் பார்க்கு முன்னர் நீங்களே யோசியுங்கள்.

கேள்வி 1: ஏஜென்சி மூலம் ஒரே வெயர்ஹவுஸில் ஒரே வேலையை 14 வாரமாகச் செய்கிறீர்கள். உங்களுக்கு மணித்தியாலத்துக்கு 13 பவுண். அதே வேலையை நேரடியாகச் செய்பவருக்கு 14 பவுண். இது சரியா?
பதில்: சரியில்லை. 2011 ஒக்டோபரில் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, 12 வாரம் முடிந்தபின் அடிப்படைச் சம்பளம் சமமாக இருக்க வேண்டும்.

கேள்வி 2: நீங்கள் கிளீனிங் செய்யும் கட்டடத்தின் ஒப்பந்தம் வேறு கொம்பனிக்குப் போகிறது. "பழைய சேவை முடிஞ்சுது, குறைந்த சம்பளத்தில புதுசா அப்ளை பண்ணு" என்கிறார் சுப்பவைசர். செய்வீர்களா?
பதில்: கையெழுத்து வைக்காதீர்கள். டியூப்பி விதிகளின்படி சாதாரணமாக உங்கள் பழைய சேவைக் காலமும் சம்பளமும் உங்களுடன் புதுக் கொம்பனிக்குப் போகும். உடனே ஆலோசனை பெறுங்கள்.

கேள்வி 3: விசா 20ஆம் திகதி முடிகிறது. 5ஆம் திகதியே நீடிப்புக்கு விண்ணப்பித்துவிட்டீர்கள். 21ஆம் திகதி "இனி வரவேண்டாம்" என்கிறார்கள். என்ன செய்வீர்கள்?
பதில்: 4ஆம் பகுதியின் கடைசிப் பந்தியைப் பாருங்கள். விண்ணப்ப அத்தாட்சியுடன் அன்றைக்கே எழுதுங்கள்.

கேள்வி 4: 8 மணித்தியால வேலையில் ஓய்வே தருவதில்லை. "எல்லாரும் அப்பிடித்தான்" என்கிறார்கள். சட்டம் என்ன சொல்கிறது?
பதில்: 6 மணித்தியாலத்துக்கு மேல் வேலை என்றால் குறைந்தது 20 நிமிட இடைவேளை தர வேண்டும்.

பிரச்சினை வந்தால் "பொறுத்துப் பார்ப்பம்" என்று இருந்துவிடாதீர்கள். தொழில் நீதிமன்றத்துக்குப் போவதற்கான காலக்கெடு மாதக் கணக்கில்தான், வருடக் கணக்கில் அல்ல. அதற்கு முதல் ஏகாஸ் என்ற பொது நிறுவனத்தில் பதிய வேண்டும். இலவச ஆலோசனைக்கு அவர்களின் தொலைபேசி 0300 123 1100. எங்கள் ஆலோசனை நேரத்துக்கும் வரலாம். வரும்போது ஒப்பந்தம், கடைசி 3 சம்பளச் சீட்டு, கொம்பனியிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு பைலில் போட்டுக் கொண்டுவாருங்கள். ஒன்றும் விளங்கவில்லை என்றாலும் பரவாயில்லை. வாசித்து விளங்கப்படுத்த நாங்கள் இருக்கிறோம். கையெழுத்து வைத்த பிறகு வருவதைவிட, வைக்க முதல் வாருங்கள்.